சாப்பிடாத மீனுக்காக எட்டாயிரம் கிலோமீட்டர்

நம் ஊரில் மீன் என்றால் ஒன்று தொழில், இல்லாவிட்டால் குழம்பு. வைத்திக்குப்பத்திலோ வீராம்பட்டினத்திலோ விடியற்காலையில் வலையோடு கரையேறும் ஒருவரிடம் போய், "விடுமுறை எடுத்துக்கொண்டு, விமானத்தில் ஏறி, பணம் கட்டி மீன் பிடிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பிடித்த மீனைத் திரும்பவும் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள்" என்று சொல்லிப் பாருங்கள். உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு வேலையைக் கவனிக்கப் போய்விடுவார்.

என் வயதில் பிரெஞ்சில் படித்தவர்களுக்கு லா ஃபோந்தேன் எழுதிய சின்ன மீனும் மீனவனும் கதை நினைவிருக்கும். மனப்பாடம் செய்து ஒப்பிக்காவிட்டால் மெத்ருவிடம் தப்ப முடியாது. தூண்டிலில் மாட்டிய ஒரு குட்டிக் கெண்டை மீனவனிடம் கெஞ்சுகிறது: இப்போது நான் அரை வாய்க்குக்கூடக் காணமாட்டேன், விட்டுவிடு, பெரிதானதும் பிடித்து நல்ல விலைக்கு விற்றுக்கொள் என்கிறது. மீனவன் மசியவில்லை. அன்றிரவே வறுத்துத் தின்பதாகச் சொல்லிவிடுகிறான். கையில் இருப்பதை விடாதே என்பதுதான் கதையின் பாடம். சம்பளக்காரர்களாகிய நாம் வாழ்நாள் முழுக்க அந்தப் பாடத்தின்படிதான் நடந்தோம்.

அந்தக் குட்டிக் கெண்டையின் பேச்சைக் கேட்டு, "சரி, போ" என்று விட்டுவிடுகிற கூட்டம் ஒன்று உலகத்தில் இருக்கிறது. பிரான்சில் இதற்கு 'நோ-கில்' என்று ஆங்கிலப் பெயரையே வைத்திருக்கிறார்கள். (மொழிக்காக அகாதெமி வைத்திருக்கும் நாட்டில் இப்படி!) என் தங்கை மகன் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். அங்கே ஏரிக்கரையில் கூடாரம் போட்டு ஒரு வாரம் உட்கார்ந்திருப்பான். மாவில் செய்த உருண்டைதான் இரை. அதற்கு 'பூயெத்' என்று பெயர். கெண்டை மாட்டினால் ஈர மெத்தையில் கிடத்தி, எடை பார்த்து, முள் குத்திய காயத்துக்கு மருந்து தடவி, படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவான். பெற்ற பிள்ளையைக்கூட அவ்வளவு பதமாகத் தூக்கியிருக்கமாட்டான். இங்கிலாந்திலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் கெண்டை பிடிக்கவே பிரான்சுக்கு விடுமுறைக்கு வருகிறார்களாம்.

அவன் 2008 பிப்ரவரியில் இந்தியா வந்தபோது நம் கடற்கரையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே என்னிடம் கேட்டது இதுதான்: "மாமா, காவேரியில் மஹ்சீர் பிடிக்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்."

காவேரி என்றதும் நமக்கு ஆடிப் பெருக்கும் தண்ணீர்த் தகராறும்தான் நினைவுக்கு வரும். வெளிநாட்டுத் தூண்டில்காரர்களுக்கோ அது மஹ்சீர் இருக்கும் ஆறு. பெங்களூருக்குத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டர் போனால் பீமேஸ்வரி, தொட்டமாகளி, காலிபோரே என்று மூன்று முகாம்கள் ஆற்றங்கரைக் காட்டுக்குள் இருந்தன. கர்நாடக அரசு 1980இல் தொடங்கிய ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் நடத்தியது. இன்னும் கீழே போனால் மேகதாட்டு. அதையும் தாண்டினால் ஆறே இரு மாநிலங்களுக்கும் எல்லை.

மஹ்சீர் நம் கெண்டைக்கு உறவுதான். ஆனால் காவேரியில் வாழும் கூன்முதுகு மஹ்சீரைக் கெண்டை என்று சொல்ல வாய் வராது. பொன் நிற உடம்பு, ஆரஞ்சு நிறத் துடுப்பு, தலைக்குப் பின்னால் எழும்பிய முதுகு, உள்ளங்கை அகலத்துக்குச் செதில். 1946இல் மைசூரைச் சேர்ந்த ஜே. டி வெட் வான் இங்கென் கபினி ஆற்றில் பிடித்த மஹ்சீர் 120 ராத்தல், அதாவது 54 கிலோ. கொன்ற புலி, சிறுத்தைகளைப் பாடம் செய்து கொடுப்பதில் பேர்போன குடும்பம் அவருடையது. அந்தக் கணக்கை இன்றுவரை தூண்டில்காரர்கள் சாமி பேர் சொல்வதுபோல் சொல்கிறார்கள்.

இந்த ஆசை புதிதும் அல்ல. மதராஸ் சிவில் சர்வீசில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873லேயே இந்தியாவில் தூண்டில் போடுவது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதிவிட்டார். அதில் மஹ்சீருக்குத்தான் ராஜ மரியாதை. ஜிம் கார்பெட்டை நாம் புலி சுட்டவராக மட்டுமே அறிவோம். அவருடைய குமாவுன் புலிகள் புத்தகத்திலேயே ஒரு அத்தியாயம் முழுக்க மஹ்சீர் பிடித்த கதை. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் போனதும் பேச்சு அடங்கிவிட்டது. அந்த மீனே அழிந்துவிட்டது என்றுகூட இங்கிலாந்தில் நம்பினார்களாம். 1977இல் மூன்று ஆங்கிலேய இளைஞர்கள் தேடிக்கொண்டு வந்து, மைசூரில் வான் இங்கெனைப் பார்த்து விசாரித்து, காவேரியில் பெரிய மீன்களைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் மறுபடியும் கூட்டம் வரத் தொடங்கியது.

சரி, எது இவர்களை இழுக்கிறது? நான்கு நாள் கூடவே இருந்து பார்த்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

வசதி இல்லை. கூடாரத்தில் படுக்கை, வெயில், பூச்சி. சாப்பாடு நன்றாக இருந்தது, ஆனால் அதற்காக யாரும் லண்டனிலிருந்து வரமாட்டார்கள். மீன் நிறையக் கிடைக்கும் என்பதும் இல்லை. மருமகன் மூன்று நாள் ஒன்றும் பிடிக்கவில்லை. நான்காம் நாள் மூன்று கிலோவில் ஒன்று மாட்டியது. அதுவும் அவன் தேடி வந்த பொன் மீன் அல்ல, நீலத் துடுப்பு மஹ்சீர். பக்கத்துக் கூடாரத்து ஆங்கிலேயருக்கு ஐந்து நாளாக அதுகூட இல்லை. அவர் முகத்தில் வருத்தத்தைத் தேடினேன், காணவில்லை. மீன் எளிதாக மாட்டுகிற ஆறாக இருந்தால் நான் ஏன் வருகிறேன் என்பதுபோல் சிரித்தார்.

வேலை முழுக்கக் காத்திருப்பதுதான். கேழ்வரகு மாவைக் களியாகக் கிண்டி, எலுமிச்சை அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ உருட்டி முள்ளில் செருகி மடுவில் போடுவார்கள். நம் பக்கத்துக் களி உருண்டையேதான். பிரான்சில் பூயெத், காவேரியில் களி. கெண்டை ஜாதிக்கு எந்த நாட்டிலும் உருண்டை என்றால் பிரியம் போலிருக்கிறது. பிறகு பாறைமேல் உட்கார்ந்து கழியைப் பிடித்துக்கொண்டு நரம்பில் விரலை வைத்தபடி இருக்கவேண்டும். எதிர்க்கரையில் யானை தண்ணீர் குடித்துவிட்டுப் போகும். முதலை மணல்திட்டில் படுத்திருக்கும். நீர்நாய்கள் கூட்டமாக வந்து கத்திவிட்டுப் போகும். மருத மரத்தில் சாம்பல் நிற மலையணில் தாவும். கையில் தூண்டில் இல்லாதவன் இதையெல்லாம் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "அடுத்து எங்கே?" என்று கேட்பான். தூண்டில்காரன் பத்து மணி நேரம் பார்ப்பான். எனக்கு இதில் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

மீன் மாட்டினால் கதையே வேறு. பெரிய மஹ்சீர் முதல் இழுப்பிலேயே நூறு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ரீல் அலறும். மீன் பாறைகளுக்கு நடுவே நீர் சீறும் இடத்தில் இறங்கிவிட்டால் பரிசலில் ஏறிக்கொண்டு பின்னாலேயே போகவேண்டும். அதன் வாயில் பல் கிடையாது, தொண்டைக்குள் இருக்கிறது. நண்டை ஓட்டோடு அரைக்கும் பல். இரும்பு முள் நசுங்கி வந்ததைக் காட்டினார்கள்.

அதைக் காட்டியவர்கள் உள்ளூர் வழிகாட்டிகள். வெள்ளைக்காரர்கள் அவர்களைக் கில்லி என்கிறார்கள், ஸ்காட்லாந்துச் சொல். நம் பேரப் பிள்ளைகளிடம் சொன்னால் விஜய் படம் என்பார்கள். எந்த மடுவில் எந்த மாதம் மீன் நிற்கும் என்று இவர்களுக்குத்தான் தெரியும். எப்படித் தெரியும்? பலர் முன்னாளில் தோட்டா போட்டும் வலை போட்டும் அதே ஆற்றில் திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள். பெங்களூரில் 1972இல் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கத்தார் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, இப்படிப்பட்டவர்களுக்கே சம்பளம் கொடுத்துக் காவல் போட்டார்கள். முகாம்களிலும் அதுதான் நடந்தது. தோட்டா போட்டால் ஒரு மடுவில் உள்ள குஞ்சு, குட்டி, கிழம் எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். அதே மீன் உயிரோடு இருந்தால் வருடா வருடம் ஒரு வெள்ளைக்காரர் வந்து கூலி தருவார். லா ஃபோந்தேனின் குட்டிக் கெண்டை சொன்ன கணக்கு இங்கே சரியாக வந்தது.

முகாமில் என்னைக் கவர்ந்தது இன்னொன்று. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒரு பதிவேடு. யார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், எத்தனை மீன், எந்த வகை, எத்தனை ராத்தல். முப்பத்தைந்து வருடம் பதிவேடுகளோடு குடித்தனம் செய்தவன் நான். நம் அலுவலகத்தில் இதைவிட மோசமான பதிவேடுகளுக்கெல்லாம் தணிக்கையில் 'சரி' போட்டிருக்கிறார்கள் என்று மருமகனிடம் சொன்னேன்.

அந்தப் பதிவேட்டின் அருமை பிறகுதான் வெளியே வந்தது. இங்கிலாந்தின் ஏட்ரியன் பிண்டர், கேரளத்தின் ராஜீவ் ராகவன் முதலிய ஆய்வாளர்கள் காலிபோரே முகாமின் 1998 முதல் 2012 வரையான கணக்கை எடுத்து உட்கார்ந்து பார்த்தார்கள். 6,161 மீன்கள், இருபத்து மூவாயிரம் மணி நேரத்துக்கு மேல் தூண்டில். மேலோட்டமாகப் பார்த்தால் சந்தோஷமான கணக்கு. மணிக்கு இத்தனை மீன் என்பது ஆண்டுக்கு ஆண்டு ஏறியிருக்கிறது. வகை வாரியாகப் பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஏறியதெல்லாம் நீலத் துடுப்பு மீன். கூன்முதுகு மீன் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அப்படி அகப்பட்ட ஒன்றிரண்டும் முன்னைவிடப் பெரியவை. நல்ல சேதி போலத் தோன்றும், அல்ல. குஞ்சுகள் வரவில்லை, கிழங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன என்று அதற்கு அர்த்தம். புதுவையில் நம் தெருக்களை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளெல்லாம் பாரீஸ் பக்கம், வீட்டுக்கு ஒரு கிழவனும் கிழவியும். வெளியே பார்த்தால் வீடு நன்றாகத்தான் இருக்கும்.

நீலத் துடுப்பு மீன் எங்கிருந்து வந்தது? அது கிருஷ்ணா பக்கத்து ஆறுகளுக்கு உரியது. மகாராஷ்டிரத்தில் லோனாவாலாவில் டாடா நிறுவனத்தார் எழுபதுகளிலிருந்து அதைப் பண்ணையில் பொரிக்க வைத்துக் குஞ்சுகளை நாடெங்கும் கொடுத்தார்கள். காவேரியிலும் விட்டார்கள். மஹ்சீர் பெருகட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் வந்த விருந்தாளி வீட்டுக்காரனை வெளியேற்றிவிட்டது. மஹ்சீர் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்ததன் பலன் இது. அணைகளும், மணல் எடுப்பும், தோட்டாவும் சேர்ந்துகொண்டன.

இன்னொரு வேடிக்கை. 1873லிருந்து உலகத் தூண்டில்காரர்கள் புகழ்ந்துகொண்டிருக்கும் இனத்தில், இந்தக் கூன்முதுகு மீனுக்கு 2018 வரை சரியான அறிவியல் பெயரே கிடையாது. எத்தா-சிவிலில் பதிவு இல்லாதவனுக்கு பாஸ்போர்ட் கிடைக்காது என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெயர் இல்லாத மீனை அழியும் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது? கேரளத்தின் பாம்பாற்றில் கண்டு 'டோர் ரெமாதேவி' என்று பெயரிட்டிருந்த மீனும் இதுவும் ஒன்றே என்று 2018இல் நிரூபித்தார்கள். அதே ஆண்டில் சர்வதேசப் பட்டியலில் 'மிக அருகிவிட்டது' என்ற நிலையில் இடம் கிடைத்தது. பிறப்புச் சான்றிதழும் ஆஸ்பத்திரிச் சீட்டும் ஒரே வருடத்தில்.

அதற்குள் முகாம்களில் தூண்டில் நின்றுவிட்டிருந்தது. அந்தக் காடு 1987இலிருந்து சரணாலயம். சரணாலயத்துக்குள் வேட்டை கூடாது, 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தூண்டிலும் வேட்டையே என்ற விளக்கம் வந்து, 2012க்குள் எல்லாம் முடிந்தது. இப்போதும் பீமேஸ்வரியில் முகாம் இருக்கிறது. கயிற்றில் தொங்கிச் சறுக்குகிறார்கள், படகு தள்ளுகிறார்கள். மீனைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

சட்டத்தைப் படித்தவன் என்ற முறையில் அந்த விளக்கம் தவறு என்று நான் சொல்லமாட்டேன். எழுத்துப்படி சரிதான். ஆனால் கோப்பை மூடியதும் காரியம் முடிந்தது என்று நினைக்கும் வியாதி நம் அலுவலகங்களுக்கு உண்டு. தூண்டில்காரன் போனான், அவனோடு கில்லியின் சம்பளம் போனது, ஆற்றோரத்தில் இரவும் பகலும் உட்கார்ந்திருந்த ஆட்கள் போனார்கள். தோட்டாக்காரனுக்கு வழி திறந்தது. பிண்டரும் ராகவனும் 2013லேயே 'கரண்ட் சயின்ஸ்' இதழில் இந்த மீனைக் காப்பதில் தூண்டில்காரர்களுக்கு நல்ல பங்கு உண்டு என்று எழுதினார்கள். பதிவேடும் நின்றது. என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம் அதுதான். குறைகிறது என்று காட்டுவதற்கு ஒரு வரிகூட எழுதாத ஆற்றில், மீன் இருந்தால் என்ன, செத்தால் என்ன, யாருக்குத் தெரியும்?

என் மனைவிக்கு இதில் உடன்பாடு இல்லை. இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டியபோது, "என்னங்க, பசிக்குப் பிடிச்சாலாவது ஒரு நியாயம் இருக்கு. திங்காத மீனை முள்ளுல குத்தி இழுத்து, அப்புறம் மருந்து தடவி விட்டா அது புண்ணியமா?" என்றாள். லேசில் ஒதுக்கக்கூடிய கேள்வி அல்ல. சுவிட்சர்லாந்தில் 2008இல் வந்த விலங்குப் பாதுகாப்பு ஆணையே அவள் பக்கம்தான். திரும்ப விடவேண்டும் என்ற நோக்கத்தோடு மீன் பிடிக்கவே கூடாது என்கிறது. ஜெர்மனியிலும் ஏறக்குறைய அதே கருத்து. மீனுக்கு வலிக்காது என்று சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. என் பதில் வேறு. முள் குத்திய மீன் நீந்திப் போகிறது, அடுத்த வருடமும் முட்டை போடுகிறது. யாருமே பார்க்காத ஆற்றில் தோட்டா வெடித்தால் அந்த இரண்டும் இல்லை. சுவிஸ்காரர்களுடைய ஆறுகளில் காவலுக்குச் சம்பளம் கொடுக்க அரசாங்கம் இருக்கிறது. நம்மிடம் இருந்தது வெள்ளைக்காரர் கட்டிய கூடார வாடகை. "அப்படின்னா காவலுக்கு அரசாங்கமே சம்பளம் கொடுக்கட்டும்" என்றாள். கொடுத்தால் நானும் வாயை மூடிக்கொள்கிறேன்.

பழைய மாதிரி மூன்று முகாமையும் திறந்துவிடச் சொல்லவில்லை. நீலத் துடுப்பு மீன் வேண்டிய மட்டும் இருக்கிறது. ஒரு பகுதியில் மட்டும், கொக்கி இல்லாத முள்ளோடு, தண்ணீர் குறைந்து தெளிந்திருக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை அனுமதிக்கலாம். காசு கட்டுகிறவன் கட்டட்டும், கில்லிக்குச் சம்பளம் போகட்டும். பொன் மீன் தப்பித்தவறி மாட்டினால் தண்ணீரை விட்டு எடுக்காமலே விட்டுவிடவேண்டும். இனிமேல் வெளியூர்க் குஞ்சு ஒன்றுகூட அந்த ஆற்றில் விடக்கூடாது. மேகதாட்டில் அணை வந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, அது தனிக் கதை. ஓடும் தண்ணீரிலும் கூழாங்கல்லிலும் பிழைக்கிற மீன் தேங்கிய தண்ணீரில் என்ன செய்யும்?

தமிழ்நாட்டுப் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. 2018இல் அந்த மீனுக்குப் பெயர் கிடைத்ததே, அதற்கான மாதிரிகள் அகப்பட்டது மோயாற்றில். முதுமலையை ஒட்டி ஓடி, சத்தியமங்கலம் காட்டு வழியாகப் பவானிசாகரில் விழுகிற ஆறு. கூன்முதுகு மீன் பிழைத்திருக்கிற கடைசி இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே தூண்டிலே வேண்டாம், புலிக்காடு. ஆனால் கணக்கு வேண்டும். வனத்துறைக் காவலர்கள் எப்படியும் ரோந்து போகிறவர்கள். எந்த மடுவில், எந்தத் தேதியில், பெரியது எத்தனை, சிறியது எத்தனை என்று கண்ணால் கண்டதை எழுதிவைத்தால் போதும். செலவு ஒரு நோட்டுப் புத்தகம்.

மருமகன் போன மாதம் போனில் பேசும்போதும் கேட்டான், "மாமா, காவேரியில் திறந்துவிட்டார்களா?" இல்லை என்றேன். இப்போது அவனுக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது. அந்த மூன்று கிலோ மீனின் படம் அவன் வீட்டு வரவேற்பறையில், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.